முதல் டோக்கன்

திங்கட்கிழமை காலையில் ருக்கு கோபத்தை முந்தானையில் முடிந்துகொண்டுதான் களத்துக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை கொட்டிய நெல் அப்படியே கிடந்தது. நான்கு நாளாகிறது, ஒரு மூட்டைகூட எடைக்கு ஏறவில்லை.

ஆலங்கொல்லை நெல் கொள்முதல் நிலையம் என்று பெயர்தான் பெரிது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு சிமெண்டுக் களம். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, மேசைமேல் ஒரு லேப்டாப், விரல் ரேகை வைக்கிற சின்னப் பெட்டி. வெளியே தூற்றுகிற மெஷினும் எடை மெஷினும். மேற்கே பார்த்தால் பெருமுக்கல் மலையும் உச்சியில் கோயிலும் தெரியும். கிழக்கே பார்த்தால் மரக்காணத்துக் கடல் பக்கமிருந்து மேகம் கிளம்புவது தெரியும். நான்கு நாளாகச் சனங்கள் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் பதினொரு குவியல் நெல் கிடந்தது. மாசி மாதத்தில் மழைக்கு என்ன வேலை என்று கேட்க முடியாது. வருகிறேன் என்று அது இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

ருக்குவின் குவியல் களத்தின் நடுவில் இருந்தது. அதுதான் முதல் குவியல். ருக்குவின் புருஷன் அப்பாதுரை அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். விடியலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிய பிறகுதான் வாயில் காபி படும். ஊரில் யார் நாற்று விட்டாலும் முதல் கை விதை அவர் போட வேண்டும், யார் போர் போட்டாலும் முதல் தேங்காய் அவர் உடைக்க வேண்டும். கைராசிக்காரர் என்று பெயர். அதனால் இந்தப் பருவத்தின் முதல் டோக்கனும் அவருக்கே என்று ஊரே சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை அமாவாசை. பத்து மணிக்கு மேசைமேல் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, சூடம் ஏற்றி, பில் கிளார்க்கு பாண்டுரங்கன் முதல் டோக்கனைக் கொடுப்பதாக ஏற்பாடு. நடுவில் கரண்டு போய்விட்டது. லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. கொஞ்சம் பொறுத்துக் கரண்டு வந்தது, டோக்கன் வந்தது, அப்பாதுரை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் சீட்டு இப்போது வீட்டில் சாமி படத்துக்கு அடியில் இருந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

டோக்கன் அச்சடிப்பது அந்த லேப்டாப் தானே செய்கிற வேலை. நெல்லை வாங்க வேண்டுமென்றால் விவசாயியின் ரேகை எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய், ஆமாம், இவர்தான், வாங்கலாம் என்று பதில் வர வேண்டும். அந்த வேலைக்குத் திண்டிவனத்திலிருந்து அருணா என்று ஒரு பெண் வருவாள். இருபத்தாறு வயது, காண்ட்ராக்ட் வேலை. வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸில் பாதி மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குப் போய்விட்டதால், ஷேர் ஆட்டோ மாறி மாறி அவள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. உட்கார்ந்து, பேரும் பாஸ்வேர்டும் அடித்தாள். அங்கீகாரம் இல்லை என்று சிவப்பாக ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி அதே வரி. மூன்றாவது தடவைக்குக் கணக்கையே பூட்டிவிட்டது, அரை மணி நேரம் கழித்து வா என்று.

அன்றிலிருந்து இதே கதைதான். விழுப்புரம் ஆபீசில் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார்கள், திறக்கவில்லை. உதவி நம்பரில் ஒருத்தர் சிம்மை மாற்றச் சொன்னார், மாற்றினாள். இன்னொருத்தர் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். சிக்னலுக்காகப் போனைக் கொட்டகைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டுக்கூடப் பார்த்தாள். சனிக்கிழமை சாயந்திரம் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், அதே பேரையும் அதே பாஸ்வேர்டையும் அடித்தபோது, பளிச்சென்று திறந்துகொண்டது. பாஸ்வேர்டில் கோளாறு இல்லை, இந்த மெஷினில்தான் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அப்போது ஒரு தெம்பு. அந்தத் தெம்பில் களத்தில் வந்து வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"இன்னாம்மா, இன்னிக்கும் அதே பாட்டுதானா?" என்றாள் ருக்கு, கொட்டகை வாசலில் நின்று.

"நேத்து ஞாயித்துக்கெழமக்கா. ஆபீஸ்ல யாரும் போன எடுக்கல. இன்னிக்கு எடுப்பாங்க."

"மேகத்துக்கும் லீவு வுட்டுக்கினாங்களா உங்க ஆபீசருங்க?"

சும்மா உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவர்களில் முத்துசாமி என்பவன் வாய்த்துடுக்கு. "யக்கா, நீயே சர்வராண்ட பேசு. உன் வாய்க்குப் பயந்துகினு தொறந்துரும்" என்றான்.

ருக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நெல் அவள் நட்டது. ஆள் கிடைக்காமல் கார்த்திகை மழையில் அவளும் இன்னும் நான்கு பெண்களுமாகக் குனிந்து நட்டது. காட்டுப்பன்றிக்குப் பயந்து தகரம் தட்டிக் காத்தது. அறுவடை மெஷின் சேற்றில் மாட்டிக்கொண்டு, டிராக்டர் வைத்து இழுத்து, எப்படியோ கரையேறியது. அவ்வளவும் தாண்டி வந்த நெல், ஒரு பெட்டி திறக்கவில்லை என்பதற்காக முளைவிடப் போகிறது. ஒரு மழை போதும். நனைந்து முளை கண்ட நெல்லை இங்கே தொடவும் மாட்டார்கள்.

"திண்டிவனத்துல தொறக்குதாம், இங்க தொறக்கலையாம். அப்போ சாவி உன் கையிலதான இருக்குது? எந்த வியாபாரி கைல துட்டு வாங்கிக்கினு பூட்டி வெச்சிருக்க, திருடி?"

சீட்டாட்டம் நின்றது. அருணா நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து மறுபடி பாஸ்வேர்டைத் தட்டினாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த பாண்டுரங்கன் காகிதத்தை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தான்.

"வுடு ருக்கு" என்று அப்பாதுரை வந்து கையைப் பிடித்தார். ருக்கு உதறினாள்.

இவள் திரும்பும்போது வெள்ளையம்மாள் காத்திருந்தாள். புருஷன் இல்லாதவள், ஒண்டியாகப் பாடுபடுகிறவள், களத்தின் பள்ளமான கிழக்கு மூலையில் குவியல் போட்டிருந்தவள். மழை வந்தால் தண்ணீர் முதலில் தேங்குகிற இடம் அது. அவள் வாய்க்கும் ருக்கு வாய்க்கும் வித்தியாசம் கிடையாது.

"அந்தப் பொண்ண கேக்குறியே, உன் வூட்டுக்காரர கேளு. கைராசி கைராசின்னு மொதோ டோக்கன அவர் கையில குடுத்தாங்க. குடுத்த நிமிஷத்துல வாய மூடிக்கிச்சு அந்த மெஷினு. நல்ல ராசிதான்."

"அவுரு கைய பத்திப் பேசாத. உன் நெலத்துல வெதையும் அவுருதான் போட்டாரு."

"போட்டாரு. அதான் பாத்துக்கினு கீறேனே, வெதச்சது மூலையில முளைக்கப் போறத."

இரண்டு பேரையும் விலக்க ஆண்கள் வரவேண்டியதாயிற்று. அப்பாதுரை மட்டும் வரவில்லை. அவர் தம் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கை நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ருக்கு வீட்டிலிருந்து தூக்கில் கேப்பைக் கூழும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும் கொண்டு வந்தாள். அப்பாதுரை தம் பங்கில் பாதியை ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினார்.

"அவளுக்கு எதுக்கு?" என்றாள் ருக்கு.

"காலையிலருந்து அந்தப் பொண்ணு பச்சத் தண்ணி குடிக்கல. நம்ம கோவம் அது வயித்துக்குத் தெரியுமா?"

ருக்கு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள். ஆனால் அவர் துவையலை மறந்துவிட்டுப் போவதைப் பார்த்து, தானே ஒரு இலைத்துண்டில் வைத்து நீட்டினாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. லீவில் இருந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பிய கலைப்பிரியா என்ற ஆபீசர். ருக்கு விடவில்லை. "ஸ்பீக்கர்ல போடு. யார் பூட்டுனா, எவன் தொறக்கலன்னு எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். அருணா ஸ்பீக்கரைப் போட்டு, போனை மஞ்சள் பிள்ளையார் பக்கத்தில் வைத்தாள். பிள்ளையார் நான்கு நாளில் காய்ந்து வெடித்திருந்தார்.

அந்தக் குரல் அதட்டவில்லை. இதுவரை என்னென்ன செய்தாய் என்று முதலிலிருந்து கேட்டது. அருணா ஒவ்வொன்றாகச் சொல்ல, "சரிம்மா, அப்புறம்" என்று கேட்டுக்கொண்டது. அருணாவுக்கு அதிலேயே கண் கலங்கிவிட்டது. நான்கு நாளில் அவள் சொன்னதை முழுதாகக் கேட்ட முதல் ஆள். பிறகு அந்த அம்மா, அங்கிருந்தபடியே இந்த லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறேன், ஆறு நம்பர் அனுப்புகிறேன், அதை அடி என்றாள். அருணா அடித்தாள். காலாவதியாகிவிட்டது என்று வந்தது. அந்த அம்மா மறுபடி அனுப்பினாள். நம்பர் வந்த வேகத்திலேயே அடித்தும், காலாவதி.

போனில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"எம்மா, உன் ஸ்கிரீன்ல கீழ, வலது பக்கம் மணி எவ்ளோ காட்டுது?"

"ரெண்டு அஞ்சு மேடம்."

"உன் போன்ல?"

அருணா போனைப் பார்த்தாள். ஒரு தடவை லேப்டாப்பைப் பார்த்தாள். "ரெண்டு இருபத்தொண்ணு."

"அதான். பதினாறு நிமிஷம் பின்னால ஓடுது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா சர்வர் உள்ள வுடாது. எவனோ பழைய கடுதாசிய திருடிக்கினு வந்து நீட்டுறான்னு நெனச்சிக்கும். பாஸ்வேர்டும் சரி, ரேகையும் சரி. மணிதான் தப்பு. நேரத்த தானா எடுத்துக்கற மாதிரி ஒரு பட்டன் இருக்கும் பாரு, அதப் போடு."

அருணா தேடிப் போட்டாள். ஒரு வட்டம் சுற்றியது. இரண்டு ஐந்து, இரண்டு இருபத்திரண்டு ஆனது. பேரை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள். நான்கு நாளாகச் சிவப்பாக நின்ற இடத்தில் பச்சை வந்தது.

களத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முத்துசாமி சீட்டுக்கட்டை மடியில் செருகினான்.

"அந்தப் பட்டன் எப்படிம்மா அணைஞ்சிச்சு?" என்றது போன். "யாராவது மணிய மாத்துனாங்களா? நான் ரிப்போர்ட் எழுதணும்."

அருணா பாண்டுரங்கனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் வருவதற்கு முன்னால் இந்த லேப்டாப்பைத் தொட்டது அவன் ஒருவன்தான். பாண்டுரங்கன் முகம் சாம்பல் பூத்திருந்தது. பருவத்துக்குப் பருவம் கூப்பிட்டால்தான் அவனுக்கு வேலை, ஒரு ரிப்போர்ட் போனால் அடுத்த பருவம் கூப்பிட மாட்டார்கள். நான்கு நாள் அவள் வாங்கிய ஏச்சுக்குப் பதில் அவள் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மெஷின் பழசு மேடம். உள்ள இருக்கிற பேட்டரி போயிருக்கும். அன்னிக்கு கரண்டு போச்சு, அதுல மாறியிருக்கும்" என்றாள் அருணா.

அது பொய்தான். அப்படி ஒரு பொய்யைச் சொல்கிற மனசை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத முடியாது.

ருக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் பஸ் தெரியும். வெள்ளிக்கிழமை பத்தரை மணி பஸ் ஏரி வளைவில் ஆரன் அடித்துப் போன பிறகுதான் கரண்டு வந்தது. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் எடுத்தது காதில் விழுந்தது. சாமி படத்துக்கு அடியில் இருக்கிற சீட்டிலோ பத்து இருபத்து நான்கு என்று மணி போட்டிருந்தது. மூன்று நாளாகக் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் வருகிறாள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

புருஷனைத் தேடினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொட்டகைக்குப் பின்னால், சாக்குக் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"சூடம் ஏத்தியாச்சு, சனமெல்லாம் நின்னுக்கினு இருக்குது, பன்னண்டு மணி வரைக்கும் எப்டி நிறுத்தறது? காகிதத்துல ராகு காலம் பதிய வேணாமேன்னுதான் சொன்னேன். பாண்டுரங்கன் அதுக்கென்னாண்ணே, கொஞ்சம் திருப்பிக்கலாம்னான். ஊருக்கு நல்லதுன்னுதான் ருக்கு. இதனாலதான் பூட்டிக்கிச்சுன்னு எனக்கு இப்போ அந்தம்மா சொல்லித்தான் தெரியும். சத்தியமா."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதர் வாயில் பொய் வராது. அதனால்தான் கோபம் இன்னும் எரிந்தது. பொய் சொல்லியிருந்தால் சுலபமாகத் திட்டியிருக்கலாம்.

"மெஷின்ல மணிய திருப்புனா சாமிக்கு மணி தெரியாதா? யார ஏமாத்தப் பாத்தீங்க? நாலு நாளா அந்தப் பொண்ண நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். திருடின்னேன். நம்ம வூட்டுத் தப்ப அது மறைச்சிக் குடுத்துட்டு உக்காந்துக்கினு இருக்குது. நான் அது மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன் பேச்சு முடிந்து, முன்னால் அருணா கூப்பிடுவது கேட்டது. "ஒண்ணாம் நம்பர், அப்பாதுரை. ரேகை வைக்க வாங்க."

ருக்கு கொட்டகை வாசலுக்கு வந்தாள். கிழக்கே வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. ஒண்ணாம் குவியல் அவளுடையது. இப்போது தூற்ற ஆரம்பித்தால் மழைக்கு முன்னால் எடை ஏறிவிடும். அவள் ஒரு நிமிஷம் அந்தக் குவியலைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேட்டுக்கோங்க எல்லாரும்" என்றாள். குரல் சண்டைக்குப் போகிற மாதிரிதான் வந்தது, அவளுக்கு வேறு குரல் தெரியாது. "மணி தானா மாறல. ராகு காலம் சீட்டுல வரக் கூடாதுன்னு நாங்கதான் மாத்தச் சொன்னோம். இந்தப் பொண்ணு மேல தப்பே கெடையாது. எல்லார் எதிர்லயும் திருடின்னு சொன்னேன், எல்லார் எதிர்லயும் சொல்றேன், நான் சொன்னது தப்பு."

பாண்டுரங்கன் எழுந்து வாயைத் திறந்தான். ருக்கு முறைத்த முறைப்பில் உட்கார்ந்துவிட்டான். மாற்றியது யார் என்று கேட்க யாருக்கும் அவகாசமும் இல்லை, ஏச்சு அப்பாதுரை மேல் அப்படி விழுந்தது. நாலு நாள் நாசமாப் போச்சே என்றார்கள். பக்தி முத்திப் போச்சு என்றார்கள். கொட்டிய நெல்லைப் பார்த்து ஒருத்தர் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளையம்மாள் தலைமுறையையே இழுத்துத் திட்டினாள். ருக்கு ஒரு சொல்லுக்கும் திருப்பிச் சொல்லவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"எங்க குவியல் கடைசியா நிக்கட்டும்" என்றாள் கடைசியில். "மொதல்ல பள்ளத்து மூல."

அருணா அவளையே பார்த்தாள். பிறகு, "ஜல்தியா தூத்துங்கக்கா, மழ வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெள்ளையம்மாளின் பேரை அடித்தாள்.

தூற்றும் மெஷின் ஓடத் தொடங்கியது. பதர் மேற்கே பறந்தது. முத்துசாமியும் ஆட்களும் சாக்கில் நிரப்ப, தராசில் தூக்க, வாயைத் தைக்க என்று இயந்திரம் மாதிரி வேலை செய்தார்கள். அப்பாதுரை யாரும் கேட்காமலே வெள்ளையம்மாள் குவியலில் முறம் எடுத்தார். அவள் அவரைத் திட்டிக்கொண்டே சாக்கைப் பிடித்தாள். ஐந்து மணிக்குள் நான்கு குவியல் மூட்டையாகிக் கொட்டகைக்குள் போனது. ஐந்தாவதை ஆரம்பிக்கும்போது முதல் துளி விழுந்தது, கல் எறிந்த மாதிரி.

ருக்குவிடம் இருந்தது ஒரே தார்ப்பாய், அதிலும் இரண்டு கிழிசல். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். காற்று தூக்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு நீலத் தார்ப்பாய் வந்து குவியல்மேல் விழுந்தது.

"புடி அந்தப் பக்கம். வாய் மட்டும் இருக்குது, ஒரு நல்ல பாய் இல்ல வூட்டுல" என்றாள் வெள்ளையம்மாள். "கல்லு வையேன்டி. மாசி மழைக்கு ராகு காலம் பாக்கத் தெரியுமா? எல்லாம் உன் வூட்டுக்காரரால வந்தது. நல்லா இழு."

மழை விடுகிற வரைக்கும் அவள் முனையையும் விடவில்லை, திட்டுவதையும் விடவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. குவியலின் நடு நெல் தப்பியிருந்தது. அடியில் தண்ணீர் போன இடத்தில் இரண்டு மூட்டை அளவுக்கு ஊறிப்போய்விட்டது. ருக்கு அதைத் தனியாக வாரிக் கோழிக்கென்று ஒதுக்கினாள். மீதியைப் பரப்பி, காலால் துழாவித் துழாவி, மத்தியானம் வரை காயவைத்தார்கள். புருஷனிடம் அவள் காலையிலிருந்து பேசவில்லை. கூழை மட்டும் முன்னால் வைத்தாள். அவராக எடுத்து அருணாவுக்கு ஒரு சொம்பு கொண்டுபோனார். இந்தத் தடவை துவையலை மறக்கவில்லை.

மற்ற குவியல்களெல்லாம் முடிந்து இவர்கள் முறை வந்தது. பாண்டுரங்கன் ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டான். "பதினாறரை. தாராளமா வாங்கலாம்ணே" என்றான். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, மூணு பத்தாவுது. நாலரை வரைக்கும்..."

அவன் முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை என்ன நேரம் என்று மூன்று பேருக்கும் தெரியும். அப்பாதுரை வாட்சைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம ராகு காலம் துர்க்கைக்கு வெளக்கு ஏத்துற நேரம்" என்றாள் ருக்கு. அன்றைக்கு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அவ பாத்துக்குவா. போயி ரேகைய வைங்க."

அவர் வாட்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் விரலை வைத்தார். பச்சை வந்தது. சின்ன மெஷின் கடகடவென்று ஒரு சீட்டைத் துப்பியது. அருணா அதைக் கிழித்து ருக்குவிடம் நீட்டினாள்.

மணி மூன்று பன்னிரண்டு என்று போட்டிருந்தது. ருக்கு அதை வாட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. நாலாக மடித்து, சாமி படத்துக்கு அடியில் வைக்க, முந்தானையில் முடிந்துகொண்டாள்.